நிழலில் போட்ட நாற்காலி

பசுமைப் பள்ளி ஆய்வில் சுத்தத்துக்குத் தனி மார்க் என்று தெரிந்ததும், இலை கொட்டுகிறதென்று தலைமையாசிரியர் வாகைமரத்தை வெட்டிச் சாய்த்தார். அந்த மரத்தடியில்தான் அறிவியல் டீச்சர் எஸ்தர் வகுப்பெடுப்பாள். வெட்டுவதற்கு முன் கெஞ்சிப் பார்த்தாள். "ஆய்வன்னிக்கு நீங்களா வாயத் திறந்தீங்க, நடக்கிறதே வேற," என்றார். அடிக்கட்டையைச் செம்மண் கொட்டி மூடினார்கள்.

ஆய்வு நாளில் எஸ்தர் வாயைத் திறக்கவில்லை. உச்சி வெயிலில், மைதானத்தின் நட்டநடுவில் இரண்டு நாற்காலிகளைப் போட்டாள். ஒன்று அதிகாரிக்கு, ஒன்று தலைமையாசிரியருக்கு. பிள்ளைகள் வழக்கம்போல் சுற்றி உட்கார்ந்து, சுற்றுச்சூழல் பற்றிக் கேட்டதற்கெல்லாம் டக் டக்கென்று பதில் சொன்னார்கள். அதிகாரி உட்கார்ந்திருக்கும்போது எழுந்து போகவும் முடியாமல் தலைமையாசிரியரின் வழுக்கை கொதித்தது.

அதிகாரி கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "ஏம்மா, நாற்காலிய நிழல்ல போட்டிருக்கக் கூடாதா?"

கேட்டால் சொல்லித்தானே ஆகவேண்டும். எஸ்தர் செருப்புக் காலால் செம்மண்ணை ஒதுக்கினாள். ஈரம் காயாத அடிக்கட்டை தெரிந்தது.

"நிழல்லதான் சார் போட்டிருக்கேன்," என்றாள், தலைமையாசிரியரைப் பார்த்தபடி.