கேசரிக்கு வைத்த சோதனை

பெண் பார்க்க வந்த இடத்திலும் சுகந்தவல்லி கைப்பையிலிருந்து சோதனைப் பட்டைகளை எடுத்துவிட்டாள். மரபணு மாற்றிய பண்டம் பட்டால் பட்டை சிவந்துவிடும். கேசரியில் ஒன்றை ஒற்றினாள், பஜ்ஜியில் ஒன்றை. இரண்டும் வெள்ளையாகவே இருந்தன.

"தப்பா நினைக்காதீங்க. எங்க குடும்பத்துல எல்லாமே சுத்தமா இருக்கணும்."

மகன் பிரணவன் கேசரியைத் தின்று முடித்தான். சந்தேகம் தீராமல் அவன் ஸ்பூனிலும் ஒரு பட்டையை ஒற்றினாள். குப்பென்று சிவந்தது.

"கேசரியில என்னத்தக் கலந்தீங்க?" என்று எகிறினாள்.

"கேசரியைத்தான் அப்பவே பார்த்துட்டீங்களே ஆன்ட்டி," என்றாள் மணப்பெண் யாழிசை. "இது உங்க பிள்ளையோட எச்சில்."

சுகந்தவல்லியின் கணவர் தன் வழுக்கையைத் தடவியபடி, மகனின் அடர்ந்த சுருட்டை முடியை முதல்முறையாக உற்றுப் பார்த்தார்.

"இவன் வயித்துல இருக்கும்போது," என்று முனகினாள் சுகந்தவல்லி, "உங்க தலை மட்டும் வேண்டாம்னுதாங்க டாக்டர்கிட்ட சொன்னேன்."