கழிவறைப் பக்கத்து மேஜை

“இது லாம்பிக் இல்லை. அந்தக் கடைசி மேஜையில கொண்டுபோய் வை” என்றார் நடுவர் ஓடிலோன், கோப்பையைக் கீழே வைத்தபடி.

‘அகீலின் கடைசிப் பீப்பாய்’ என்று சீட்டு ஒட்டிப் பாட்டிலைக் கொண்டுவந்திருந்த கோடலீவுக்கு முகம் வெளுத்துவிட்டது.

புளிப்பு பீர்களுக்கு வருடம் ஒருமுறை நடக்கும் தேர்வு அது. செர்ரி போட்டதற்கு ஒரு மேஜை, சிவப்புக்கு ஒன்று, லாம்பிக்குக்கு நடு மேஜை. ப்ரஸ்ஸல்ஸிலிருந்து வருகிற கடைக்காரர்கள் நடு மேஜையைத்தான் மொய்ப்பார்கள். எதிலும் சேராததற்குக் கழிவறைப் பக்கம் ஒரு மேஜை போட்டிருந்தார்கள். அங்கே போன பாட்டிலை மோந்து பார்க்கக்கூட ஆள் வராது.

“அண்ணே, இது அகீலோட கடைசிப் பீப்பாய். அவர் போய் மூணு வருஷமாச்சு. அவர் பேரைச் சொல்ல இது ஒண்ணுதான் மிச்சம். நல்லாப் பார்த்துச் சொல்லுங்க.”

“பார்த்துட்டேம்மா. உன் புருஷன் எனக்கும் சிநேகிதன்தான், அதுக்காக? காய்ச்சின தானியச் சாறை மாடித் தொட்டியில ஊத்தி, ஜன்னலைத் திறந்து விடணும். காத்துல வர்ற ஈஸ்ட் தானா விழுந்து புளிக்கணும். அதுதான் லாம்பிக். இதுல கடையில வாங்கின ஈஸ்ட் கலந்திருக்கு.”

“யாரு, அகீலா? ஜன்னல்ல இருக்கற சிலந்தி வலையைக்கூடக் கலைக்க விடமாட்டாரே அந்த மனுஷன்!”

பீர் காய்ச்சுவோர் சங்கச் செயலாளர் மார்லீன் தானும் ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். “எனக்கு அசல் லாம்பிக் மாதிரிதான் படுது. நீங்க இன்னொரு தடவை குடிச்சுப் பாருங்களேன்.”

“முப்பது வருஷமா இந்த நாக்கை வெச்சுத்தான் தரம் பிரிக்கறேன். பாக்கெட் ஈஸ்ட்டுன்னா பாக்கெட் ஈஸ்ட்டுதான். சத்தியம் பண்ணட்டுமா?”

அந்த வட்டாரத்தில் ஓடிலோனின் நாக்குக்கு மறுபேச்சு கிடையாது. அவரும் லாம்பிக் காய்ச்சுகிறவர்தான். அகீலுக்கு இரண்டு வீடு தள்ளிக் குடியிருப்பவர், கேட்காமலே அந்த வீட்டு மாடிக்கு ஏறிப்போகிற அளவுக்கு நெருக்கம்.

“அப்போ, செத்த மனுஷன் ஊரை ஏமாத்தினார்னு சொல்றீங்க” என்றாள் கோடலீவ்.

“நான் எங்கேம்மா சொல்றேன்? பீர் சொல்லுது.”

“அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க.”

‘கடையில் வாங்கிய ஈஸ்ட் கலந்தது, லாம்பிக் அல்ல’ என்று எழுதி, கையெழுத்தைக் கொஞ்சம் நீட்டியே இழுத்தார் ஓடிலோன். மார்லீனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோடலீவின் முகத்தைப் பார்க்கவும் முடியவில்லை.

கோடலீவ் அழவில்லை. தாளை வாங்கி ஒரு தடவை படித்துவிட்டு, மார்லீன் கையில் கொடுத்தாள்.

“இதைப் பத்திரமா வெச்சுக்கோ. நீங்க ரெண்டு பேரும் குடிச்சது கடைசிப் பீப்பாய் இல்லை, நாலு வருஷத்துக்கு முன்னாடி இதே ஆள் முதல் பரிசு கொடுத்த சரக்கு. கடைசிப் பீப்பாய்லதான் யாரோ பாக்கெட் ஈஸ்ட்டைக் கொட்டிட்டாங்கன்னு சாகறப்போ அகீல் என்கிட்ட மட்டும் சொன்னார். எங்க ரெண்டு பேரைத் தவிர அது தெரிஞ்சவன், கொட்டினவன் ஒருத்தன்தான்.”