ஐந்து சைக்கிள், ஒரு சுவர்

சென்ற ஆண்டு ஜூலை பதினான்காம் தேதி, காலை பத்து மணிக்கு, மூன்றாம் மாடி வீடொன்றின் கூடத்துச் சுவரில் ஐந்து சைக்கிள்கள் தொங்கிக்கொண்டிருந்தன. நான்கு கொக்கியில், ஒன்று கப்பியில்.

வீடு வாங்க வந்த பெயின்ட் கடைக்காரர் வாசலிலேயே நின்றுவிட்டார். "நான் வீடு பாக்க வந்தேனா, சைக்கிள் ஸ்டாண்டுக்கு வந்தேனா?"

வீட்டுக்காரி நர்ஸ். அடுத்த மாதம் முதல் தேதி வேறு ஊரில் வேலையில் சேர வேண்டும். அதற்குள் வீட்டை விற்றாக வேண்டும். ஏற்கெனவே வந்த நான்கு பேரும் கூடத்தைத் தாண்டாமல் திரும்பிப் போயிருந்தார்கள்.

அவள் கணவன் கயிற்றை விட்டுக் கப்பி சைக்கிளை இறக்கிக் காட்டினான். கைப்பிடியைத் திருப்பி வைத்தால் ஒரு சாண் மிச்சம்; ஒன்றைத் தலைகீழாகவும் அடுத்ததை நேராகவும் மாட்டினால் இன்னொரு சாண் என்றான். பெயின்ட் கடைக்காரர் கொட்டாவி விட்டார். பிள்ளை இல்லாத வீட்டில் பக்கச் சக்கரம் வைத்த குட்டி சைக்கிளை யார் ஓட்டுகிறார்கள் என்று கேட்டார். பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

சுவர் விஷயத்தில் தன்னை எவனும் ஏமாற்ற முடியாது, முப்பது வருஷமாகப் பார்ப்பதே அதைத்தான் என்றார். படுக்கையறை, சமையலறை, குளியலறை எல்லாவற்றையும் விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். கூடத்தில் மூன்று சுவர்களைத் தட்டினார். எல்லாம் கெட்டி.

நான்காவதில் தட்ட இடமில்லை. சைக்கிள்களுக்குப் பின்னால் தரையிலிருந்து கூரைவரை வெள்ளைப் பலகை. டயர் அழுக்கு சுவரில் படாமலிருக்க என்றான் கணவன். அந்தப் பலகையைப் பார்த்தபடி ஒரு மேசை விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

"என்னம்மா, சைக்கிளுக்கு வேர்க்குதா?"

நர்ஸ் விசிறியை நிறுத்தினாள். "மறந்துட்டோம் சார்."

சைக்கிள் மாட்டத் தெரிந்த ஆளுக்கு விலை சொல்லத் தெரியவில்லை என்று சொல்லிச் சொல்லியே விலையைக் கொஞ்சம் இறக்கினார். அதற்கு மேலும் ஒரு நிபந்தனை போட்டார்.

"பலகையும் கொக்கியும் நல்ல சாமான். ஒரு ஆணிகூடக் கழட்டக் கூடாது. பத்திரத்துலயே எழுதிடணும்."

போன வாரம் அடித்த பலகை என்று கணவன் முனகினான். இந்த மாதிரி ஆட்கள் கடைசியில் பலகைக்குத்தான் அழுவார்கள் என்றார் பெயின்ட் கடைக்காரர். நர்ஸ் கணவனின் கையை அமுக்கிவிட்டுச் சம்மதித்தாள்.

மறுவாரம் பத்திரப்பதிவு முடிந்தது. நர்ஸ் வீட்டுக்கு வந்ததும், வாடகை சைக்கிள் கடை வைத்திருக்கும் தன் அண்ணனுக்கு போன் செய்தாள்.

"அண்ணா, அஞ்சு சைக்கிளையும் வந்து எடுத்துக்கோ. பலகைய மட்டும் கேக்காத. பின்னாடி சுவத்துல ஊறிக்கிடக்கற ஓதத்தோட சேத்து, அவரே எழுதி வாங்கிட்டாரு."