மூத்தவள் போட்ட மூடி

சுத்தியலின் இரண்டாவது அடியில் மூலை பெயர்ந்தது. கூரையில் உருண்டு முற்றத்தில் போய் விழுந்தது.

புகைபோக்கியின் உச்சியில் மழை இறங்காமலிருக்கப் போட்ட சிமென்ட் மூடி அது. நாலு பக்கமும் சரிவு. செங்கல்லைத் தாண்டி வெளியே நீண்ட விளிம்பு. அதன் அடியில், தண்ணீர் சுவரைத் தொடாமல் சொட்டிவிட ஒரு மெல்லிய பள்ளம்.

குறை சொல்ல ஒன்றுமில்லை. அதுதான் அவளுக்குக் காந்தியது.

சுத்தியலை இடுப்பில் செருகிக்கொண்டு ஏணியில் இறங்கினாள். கணவன் வேலைக்குப் போயிருந்தான். யாரும் பார்க்கவில்லை.

அவள் இந்த வீட்டுக்கு இரண்டாம் தாரமாக வந்தவள். செத்துப்போன மூத்தவள் கொத்து வேலை தெரிந்தவள். புருஷனும் பெண்டாட்டியுமாகச் சேர்ந்து கட்டிய வீடு.

வந்ததும் திரைச்சீலைகளை மாற்றினாள். அலமாரியை இடம் மாற்றினாள். சமையலறைச் சுவருக்கு வேறு நிறம் அடித்தாள். கூரைக்கு மேல் இருந்தது மட்டும் கைக்கு எட்டவில்லை.

மழை வலுக்கும்போதெல்லாம் கணவன் கணப்புக்கு முன்னால் குந்தி, தலையை நுழைத்து மேலே பார்ப்பான்.

"பாத்தியா, ஒரு சொட்டு இறங்கல."

முகமெல்லாம் பூரிப்பாக இருக்கும். யாரை நினைத்துப் பூரிக்கிறான் என்று அவளுக்குத் தெரியாதா?

நாத்தனார் வேறு, வந்தபோதெல்லாம் "அண்ணி கட்டின புகைபோக்கியாச்சே" என்பாள். அவளுக்குச் செத்தவள்தான் அண்ணி. இவள் புது அண்ணி.

மறுநாள் கணவன் கிளம்பியதும் தெருக்கோடிக் கொத்தனாரை வரவழைத்தாள். மொத்தத்தையும் எடுத்துவிட்டுப் புதிதாகப் போடச் சொன்னாள்.

அவர் மேலே ஏறி, உடைந்த மூலையைத் தடவிப் பார்த்தார். ஒட்டுப் போட்டாலே போதும் என்றார்.

"வேணாம். முழுசா உடைங்க."

அவர் உளியை வைத்தார். சுத்தியலை ஓங்கியவர், ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவளைக் குனிந்து பார்த்துச் சிரித்தார்.

"நான் போட்டதை நானே உடைக்க வேண்டியிருக்கு பாருங்கம்மா. உங்க கல்யாணத்துக்கு முந்தின வாரம் போட்டது. பழசு விரிசல் விட்டு ஒழுகிக்கிட்டே கிடந்துச்சு. எத்தனை வருஷம்! உங்க வீட்டுக்காரர் அதுல யாரையும் கை வைக்க விடல. அப்புறம் ஒருநாள் அவரே வந்து நின்னார். வரப்போறவளுக்கு மூச்சிளைப்பு இருக்கு, சுவர்ல ஈரம் இருந்தா ஆகாதுன்னார். பழசை என்னைத் தொடவிடல. அவர் கையாலேயே உடைச்சார்."

சொல்லிவிட்டு மறுபடியும் சுத்தியலை ஓங்கினார்.

"உடைக்காதீங்க!"

அவள் போட்ட கத்தலில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.