கிண்ணத்தின் அடியில்

ஜப்பான்காரச் சிப்பாய் தோட்டத் தொழிலாளர் லயத்துக்குள் நுழைவதற்குள், நவமணி கண்ணாடிக் கிண்ணத்தின் அடியிலிருந்த இங்கிலீஷ் எழுத்துகளைப் பால்வெட்டுக் கத்தி தீட்டும் கல்லில் தேய்த்து அழித்துவிட்டாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. இங்கிலீஷ் என்று மட்டும் தெரியும்.

ஜப்பான்காரன் வருகிறான் என்று பாடாங் செராய் ரப்பர் தோட்டத்தை விட்டு ஓடும்போது வெள்ளைக்காரத் துரையம்மா கொடுத்த பூவேலை ஜோடிக் கிண்ணம். ஆயா நவமணிக்கு ஒன்று, சமையல்கார அம்சவள்ளிக்கு ஒன்று. இப்போதோ வெள்ளைக்காரன் சாமான் அகப்பட்டால், வீட்டு ஆம்பளைக்குப் போனவர் திரும்பாத சயாம் ரயில் பாதை வேலைதான்.

சிப்பாய் கிண்ணத்தைச் சுண்டிப் பார்த்து, அரைகுறை மலாயில் என்னவோ கேட்டான்.

"யாரு செஞ்சதுன்னு கேக்குறான்மா," என்றார் கூட வந்த தோட்டத்துக் குமாஸ்தா, கிராணி மாணிக்கவாசகம்.

நவமணி பயத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னாள்.

"ஜப்பான்காரங்க செஞ்சதுன்னு சொல்லுங்கய்யா!"

சிப்பாய் கிண்ணத்தைக் கவிழ்த்தான். தேய்த்த இடத்தைக் கட்டைவிரலால் தடவினான்.

"அப்ப அடியில ஏன் தேச்சேன்னு கேக்குறான்."

அவள் வாய் திறக்குமுன் கன்னத்தில் அறை விழுந்தது. கிராணி எவ்வளவோ கெஞ்சியும், அவள் புருஷன் பரஞ்சோதியை லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

தூசி அடங்குமுன் அம்சவள்ளி அரிசிப் பானையில் ஒளித்திருந்த தன் கிண்ணத்தோடு ஓடிவந்தாள்.

"ஐயா, இதைத் தேய்க்கவா, விட்டுடவா?"

கிராணி வாங்கிக் கவிழ்த்துப் பார்த்தார். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"என்னங்கய்யா போட்டிருக்கு?" என்றாள் நவமணி.

"மேட் இன் ஜப்பான்... நீ அவன்கிட்ட சொன்னதேதாம்மா."