இருட்டு சார்

"ஸ்கிரீன் ரெண்டும் போயிடுச்சு சார்."

இருமல் மருந்து ஸ்டாக் இல்லை என்று சொல்வதைப்போல இதைச் சொன்னார் மருந்துக்கடைக்காரம்மா. பக்கத்து சீட்டில் இருந்து அவர் ஓட்டுவதைச் சோதித்துக்கொண்டிருந்த தேர்வாளரோ வெடுக்கென்று திரும்பிப் பார்த்தார். இரண்டே பேர் உட்காரக்கூடிய குட்டி விமானம். கீழே தரை மூவாயிரம் அடிக்கு அப்பால் இருந்தது. ஒரு நொடிக்கு முன்புவரை வேகம், உயரம், திசை என்று வண்ணவண்ணமாகக் காட்டிக்கொண்டிருந்த திரைகளில் இப்போது அவருடைய முகம்தான் தெரிந்தது. அதுவும் பார்க்கச் சகிக்கவில்லை.

விமானப் பயிற்சி கிளப்பில் அவருக்கு 'இருட்டு சார்' என்று பெயர். லைசென்ஸ் தேர்வுக்கு வருகிறவர்களை மேலே கூட்டிக்கொண்டு போய், அசந்த நேரம் பார்த்துத் தன் முழங்கால் பக்கத்துப் பட்டனை இழுத்துத் திரைகளை அணைத்துவிடுவார். கூடவே, "ஐயையோ, நிஜமாவே போச்சே!" என்று ஒரு நாடகம் வேறு. பதறினால் ஃபெயில். மருந்துக்கடைக்காரம்மா ஏற்கெனவே இரண்டு முறை பதறி, இரண்டு முறையும் அழுதுகொண்டே இறங்கியவர். இந்த மூன்றாவது முறையும் போனால், பயிற்சியை ஆனா ஆவன்னாவிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

ஆனால் இன்றைக்கு இருட்டு சார் அந்தப் பட்டனைத் தொடவே இல்லை! எப்போது இழுக்கலாம் என்று வெளியே பார்த்தபடி யோசித்துக்கொண்டுதான் இருந்தார். அதற்குள் இரண்டும் அணைந்துவிட்டன.

மெல்லப் பட்டனைத் தடவிப் பார்த்தார். உள்ளேதான் இருந்தது. அழுத்திப் பார்த்தார். ம்ஹூம்.

"அம்மா, இதை நான் பண்ணலம்மா."

"தெரியும் சார்" என்று சிரித்தார் அந்தம்மா.

"சத்தியமா நான் கைய வைக்கல."

"நான்தான் நம்பறேனே சார்."

நம்புகிறவர் சிரிக்கிற சிரிப்பா அது? இருட்டு சாருக்கு வியர்த்துக் கொட்டியது.

"உங்க பக்கத்து ஸ்விட்ச் எல்லாம் ஒரு தடவை பாருங்கம்மா."

"பாத்துட்டேன் சார். எது எப்படி இருக்கணுமோ அப்படித்தான் இருக்கு."

"ஐயையோ, நிஜமாவே போச்சே!"

கத்திய பிறகுதான், வருஷக்கணக்காகத் தான் நடித்த அதே வசனம் என்று அவருக்கு உறைத்தது.

"போன ரெண்டு தடவையைவிட இது ரொம்ப இயல்பா இருக்கு சார்" என்று மனதாரப் பாராட்டினார் மருந்துக்கடைக்காரம்மா.

செத்துப்போன திரைகளுக்குக் கீழே பழைய முள் கருவிகள் மூன்று இருந்தன. ஒன்று வேகத்துக்கு, ஒன்று உயரத்துக்கு, இன்னொன்று இறக்கை சாய்கிறதா என்று பார்க்க. 'டிஜிட்டல் திரை என்பது நாம் அணைத்தால்தான் அணையும், தானாக அணைகிற சாமானே இல்லை. ஆகவே இந்த ஓட்டை உடைசல்களைக் கழற்றி எறியுங்கள்' என்று போன வாரம்தான் கிளப் கமிட்டிக்கு மூன்று பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருந்தார் மனுஷன். இப்போது அந்த மூன்று முள்ளையும் பெற்ற பிள்ளைகளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"போதும்மா. திரும்பி இறக்கிடலாம்."

"இன்னும் ரெண்டு வளைவு பாக்கி இருக்கே சார்? லிஸ்ட்ல ஒண்ணு விட்டாலும் ஃபெயில்னு நீங்கதானே சொன்னீங்க?"

"ஃபெயில் போட மாட்டேம்மா. இறக்கிடு தாயே."

"ஆசை காட்டாதீங்க சார். எனக்கு இது மூணாவது தடவை."

இடது பக்கம் ஒரு வளைவு. வலது பக்கம் ஒரு வளைவு. "வேகம் எண்பது. உயரம் மூவாயிரம். இறக்கை நேரா இருக்கு" என்று மருந்துச் சீட்டைப் படிக்கிற நிதானத்தோடு ஒவ்வொரு முள்ளாகப் படித்தார் அந்தம்மா. இருட்டு சார் சீட் பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தெரிந்த சாமிகளை எல்லாம் வரிசையாகக் கூப்பிட்டார். தெரியாத சாமிகளையும் விடவில்லை.

சக்கரம் ரன்வேயைத் தொட்டதே தெரியவில்லை. அவ்வளவு பூப்போல இறங்கியது விமானம்.

அலுவலக அறைக்கு வந்து ஒரு சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார் இருட்டு சார். பிறகு தேர்வுத் தாளை எடுத்து 'பாஸ்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அது வெறும் கோழிக் கிறுக்கலாக வந்தது.

"இதைவிட மோசமான டாக்டர் கையெழுத்தெல்லாம் படிச்சிருக்கேன் சார். பரவாயில்ல" என்று தாளை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார் மருந்துக்கடைக்காரம்மா. சந்தோஷத்தில் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"இப்பவாவது நம்பும்மா. அதை நான் அணைக்கல. இந்த ஸ்கிரீனை நம்பவே கூடாதுன்னு இன்னைக்கே கமிட்டிக்கு எழுதப் போறேன்."

"ஐயோ, பாவம் சார், அந்த மிஷின் மேல பழியப் போடாதீங்க!" என்றபடி தாளை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடினார் அந்தம்மா. "எப்ப அணைப்பீங்க, எப்ப அணைப்பீங்கன்னு காத்துக்கிட்டு இருந்தே ரெண்டு தடவையும் எனக்குப் பாதி உசிரு போயிடுச்சு சார், அதான் இந்தத் தடவை உங்களுக்கு முந்தி நானே அணைச்சுட்டேன்."