மஞ்சள் மதில்

“இஞ்சப் பாருங்க, மூலையில இன்னும் கறுப்புத் தெரியுது. இன்னொரு கோட் அடிங்க” என்றாள் ஸுஹைரா.

ஏணியில் நின்ற இனாஸுக்குத் தோள் கடுத்தது. “மூணு கோட் அடிச்சாச்சி. போதும் புள்ள.”

“கடல்ல கைட் விட வாற வெள்ளைக்காரங்க வெள்ளிக்கிழம வந்திடுவாங்க. போன வருஷம் தங்கினவ என்ன எழுதிட்டுப் போனா? ரூம் நல்லம், சாப்பாடு நல்லம், கண்ணுக்கு முன்னால பாசி புடிச்ச மதில் எண்டு. அதுக்குப் பொறகு ஒருத்தராவது வந்தாங்களா?”

இனாஸ் பிரஷ்ஷை மஞ்சளில் தோய்த்தான். ஸுஹைரா கேற்றின் துருவைத் தேய்த்துப் பச்சை அடித்தாள். இருபுறமும் பூச்சாடிகளை வைத்துவிட்டு எட்ட நின்று பார்த்தாள். கல்பிட்டியிலேயே இப்படியொரு வீடு இல்லை.

அப்போது ஈரக் கேற்றைக் கை படாமல் காலால் தள்ளிக்கொண்டு, தேத்தண்ணீரோடு வெளியே வந்தார் மஹ்ரூப் காக்கா. வீட்டுக்காரர் அவர்தான்.

“மாஷா அல்லாஹ்! இது என்ட வீடா? அப்ப, பின்பக்கத்துக்கு எப்ப அடிக்கப்போறீங்க?”

தெருவுக்கு எதிரே, சாந்து உதிர்ந்து நின்ற தன் மாடி வீட்டை ஸுஹைரா நிமிர்ந்து பார்த்தாள்.

“எங்கட ரூம் ஜன்னலால பின்பக்கம் தெரியாது, காக்கா.”